புகுந்த வீட்டுக்கு வருகிறேன்

பிளான்டயர்

அன்புள்ள தியாமிகே, நீயும் உன் அம்மாவும் சுகமென்றால் நானும் சுகம். யாரும் நம்பாத ஒரு கதையை உன் தலையில் அடித்துச் சத்தியமாகச் சொல்கிறேன்.

எங்கள் சர்க்கரைக் கிடங்கின் தலைமைப் பதவியை எனக்கே தருகிறார்கள். கூடவே ஒரு வீடு. அடுப்படியிலிருந்து கட்டிலுக்குச் சைக்கிளில்தான் போகவேண்டும். வேண்டாமென்றால், உன் ஊரான ங்கோட்டகோட்டா கிளையில் இதே பழைய வேலை.

"சம்சாரத்த இங்க கூட்டிட்டு வாங்களேன்" என்றார் முதலாளியம்மா. அவர் நம் நாட்டின் வடக்கத்திக்காரர்; அங்கே பெண்தானே புகுந்த வீட்டுக்குப் போவாள்.

"அவ பிரசவம் பாக்குறவம்மா. அவ கெளம்பிட்டா அந்த ஊர்ப் புள்ளைங்க பொறக்கமாட்டேன்னு உள்ளயே உக்காந்துக்கும்."

"அதுக்காக ஆம்பள பொண்டாட்டி வீட்டுக்குப் போறதா?"

"எங்க செவா சனத்துல மாப்பிள்ளதாம்மா புகுந்த வீட்டுக்குப் போவான். நான் பதினோரு வருஷம் லேட்டு!"

அவர் சிரித்த சிரிப்பில் கிடங்கின் கூரை பறந்துபோய் மொசாம்பிக்கில் விழுந்தது.

என் போர்வையை வெயிலில் போட்டு வை. ஒருவனுக்கு மட்டும் கிண்டும் ன்சிமாக் களி பதமாக வருவதேயில்லை. ஏரிக் கருவாடும் கொஞ்சம் எடுத்து வை. கடிதம் கொண்டுவரும் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

பதவி, வீடு, கூரை எல்லாம் புளுகென்றே வைத்துக்கொள், வருந்தாதே. இடமாற்றத் தாளில் ங்கோட்டகோட்டா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேனே, அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

உன் லங்கானி