அறுந்து போகாத கயிறு

பெரியதோட்டம், திருப்பூர்
14.8.1994

அன்பு மகன் பாரூக்குக்கு உன் அம்மா முனவர் பேகம் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தாவும் அல்லாஹ் விட்டு வைத்த அளவுக்கு நலம். ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, இரண்டு காலும் தரையில் ஊன்றி நலமாக இருக்க துஆச் செய்கிறேன். காலும் தரையும் என்று சும்மா எழுதவில்லை. போர்டு மாட்டும் கம்பெனியில் இழுத்து நீட்டுகிற எக்ஸ்டென்ஷன் ஏணி மேல்தான் வேலை என்றும், ஏணி உச்சியை நான் கொடுத்தனுப்பிய கயிற்றால்தான் கட்டுகிறேன் என்றும், அம்மா கயிறு இருக்கும்போது எனக்கென்ன பயம் என்றும் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை முடிவு வரை படிக்காமல் நீ ஏணியில் கால் வைக்கக் கூடாது. காரணத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம், எனக்குக் கை வரவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தா விழுந்து கால் முறிந்தது உனக்குத் தெரியும். மருதாசலத்தின் கையை நான் உடைத்ததையும் யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள், மருதாசலம் மாமாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் அம்மா என்று நாலு வரி புத்தி சொல்லியிருக்கிறாய். எனக்குப் புத்தி சொல்ல நீ இன்னும் பிறக்கவில்லை. அன்றைக்கு நான் பார்த்ததை நீ பார்த்திருந்தால் கையோடு விட்டிருக்க மாட்டாய். நிட்டிங் யூனிட்டில் தகரக் கூரைக்குக் கீழே வயர் மாற்ற அத்தா இருபதடி ஏறியிருக்கிறார். பதினெட்டு வருஷமாக அவரோடு வேலை செய்கிற மருதாசலம் கீழே ஏணியைப் பிடித்திருந்தான். உச்சியை இரும்பு உத்திரத்தோடு சேர்த்து என் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கட்டிங்கில் கழிகிற பனியன் துணியை நீளமாகக் கிழித்து, மூன்று புரியாக நான் பின்னுகிற கயிறு உனக்குத் தெரியாததா? நம் தெருவில் துணி காய்வதும், கட்டில் தாங்குவதும், சைக்கிளில் மூட்டை நிற்பதும் அதில்தான். முனவர் கயிறு அறுந்தது என்று சொன்னவன் இந்த ஊரில் கிடையாது.

வேஸ்ட் குடோனில் துணி பிரித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஓடினேன். அத்தா மெஷின் காலடியில் மடங்கிக் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு லுங்கியைக் குத்திக்கொண்டு வெளியே நின்றது. மண்டையிலிருந்து வழிந்ததை வெள்ளைத் துணி ரோல் குடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஏணி விழவே இல்லை, என் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கயிறு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை, அப்படியென்றால் கீழே பிடித்தவன் கையை விட்டுவிட்டான். இதுதான் என் கணக்கு. துணி ரோல் சுற்றுகிற இரும்புப் பைப்பை எடுத்தேன். மருதாசலம் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, நான் உடலீங்கக்கா, உடலீங்க என்று அழுதான். உள்ளங்கையில் தோல் உரிந்து சதை தெரிந்தது. பார்த்தேன் பாரூக். பார்த்தும் அந்தக் கை மேலேயே அடித்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு அடி தோளில் விழுந்தது. மூன்றாவதை மண்டையில் போட ஓங்கியபோது நாலு டெய்லர்கள் என்னைப் பின்னால் இழுத்தார்கள், அதில் ஒருவனைக் கடித்தும் வைத்தேன். ஆக்சிடென்டுங்கம்மா என்று மேனேஜர் வந்தார். இந்தப் பைப்பை உம் வாய்க்குள் சொருகினால் அதுவும் ஆக்சிடென்ட்தான் என்றேன், போய்விட்டார்.

கை எப்படி முறிந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு மெஷினில் மாட்டிக்கொண்டதுங்க என்று மருதாசலம் சொன்னானாம். குற்றம் செய்தவன்தான் இப்படிப் பதுங்குவான் என்று தெருவெல்லாம் சொன்னேன். உன் அத்தா இருபது நாள் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில், அவன் விடலை முனவர், வயர் எட்டலைன்னு நான்தான் வலது பக்கம் சாஞ்சேன், உச்சி அதுபாட்டுக்கு நகர்ந்து உத்திரத்தை விட்டு வெளியே வந்துருச்சு, அவன் கடைசி வரை ஏணியைப் பிடிச்சுத் தொங்கினான் என்றார். கஞ்சிக் கிண்ணத்தை டங்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தேன். என் கயிறு இருக்கும்போது உச்சி எப்படி நகரும்? மருதாசலத்தின் மனைவி கண்ணம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வாடி இங்கே, உன் புருஷன் யோக்கியத்தைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டு, யூனிட்டிலிருந்து அவிழ்த்து வந்த அதே கயிற்றைப் புங்க மரக் கிளையில் கட்டி, அத்தா எடைக்கு ஒரு சாக்கில் கல்லைப் போட்டு முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அறுகிறதா பார், அறுகிறதா பார் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். நாலு குடம் நிறைவதற்குள் சாக்கு தரையில் உட்கார்ந்துவிட்டது. கயிறு அறவில்லை. ஒரு முழத்துக்கு மேல் நீண்டிருந்தது. கண்ணம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏனுங்கக்கா, கயிறு நல்ல வளர்த்தியா இருக்குதே, எம்பட ஊட்டுக்காரரு கையும் இப்படி வளருமுங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர்களை அடித்திருப்பேன், எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

பனியன் துணி இழுத்தால் நீளும். அதற்காகத்தான் உலகம் அதை வாங்குகிறது. இருபது வருஷம் அதையே கையில் பிடித்தவளுக்கு அது தோன்றவில்லை. அத்தாவை விழ வைத்தது என் கயிறு, பாரூக். எழுதிவிட்டேன். அன்றே அந்தப் பைப்பை எடுத்துக்கொண்டு மருதாசலம் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வராது, உனக்குத் தெரியும். பைப்பை அவன் இடது கையில் கொடுத்து, அடி என்றேன். போங்கக்கா, இடது கை எனக்கு வாட்டமில்லீங்க, வலது கை கூடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றான். வரும் வெள்ளிக்கிழமை அவனுக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். நான் போவேன். மறுபடியும் பைப்பை நீட்டுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

திரும்பி வந்து அரிவாளை எடுத்தேன். வீடு வீடாக ஏறி, காய்கிற துணியோடு, கட்டிலோடு, சைக்கிளோடு என் கயிறுகளை வெட்டி இழுத்து வந்து சாயப்பட்டறை பாய்லர் அடுப்பில் போட்டேன். ஏச்சும் வாங்கினேன், திருப்பியும் ஏசினேன். முப்பத்தோரு கயிறு.

இனி நான் சொல்வதைக் கேள். யூனிட் ஏணியின் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டை உன் பழைய டிக்‌ஷனரியை வைத்து ஒன்பது நாள் படித்தேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் படித்ததாயிற்றே என்று தள்ளாதே. நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் கால் சுவரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மேல் துண்டை முழுக்க இழுத்துவிடாதே, இரண்டு துண்டும் மூன்றடிக்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று இருக்கட்டும், இரண்டு கொக்கியும் படியில் விழுந்ததைக் கண்ணால் பார். மொட்டை மாடிக்கு ஏறுவதானால் விளிம்புக்கு மேல் மூன்றடி நீட்டு. ஈரத்திலும் துணி பேல் கட்டின் மேலும் ஊன்றாதே, வழுக்காமலிருக்க என்று காலுக்கடியில் வேஸ்ட் துணி வைப்பது நம் ஊர் முட்டாள்தனம், அதுதான் வழுக்கும். கரண்ட் லைன் பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகாதே. உச்சியை நல்ல தேங்காய் நார்க் கயிற்றால் இரண்டு பக்கமும் இறுக்கு. எட்டவில்லை என்றால் சாயாதே, இறங்கு, ஏணியை நகர்த்து, மறுபடி ஏறு. இறங்கச் சோம்பல் பட்ட மனிதர் இதோ கட்டிலில் கிடந்து, அவனுக்கு ரொம்ப எழுதாதே, பயந்துக்குவான் என்கிறார். பயப்படட்டும்.

அல்லாஹ் உன் உயிரையும் உன் எலும்பையும் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளைத் தரட்டும். வெயிலில் தலையை மூடிக்கொள். மருதாசலம் மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அம்மா சொன்னாள் என்று எழுதாதே. கடைசியாக ஒன்று. முப்பத்திரண்டாவது கயிறு உன்னிடம் இருக்கிறது. இப்போதே எழுந்து போய் அதை வெட்டு. வெட்டியதில் ஒரு சாண் துண்டைப் பதில் கடிதத்தில் மடித்து வை. மற்றதெல்லாம் எரிந்ததை நான் நின்று பார்த்தேன், இதையும் பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
முனவர் பேகம்