தவமலரின் காலமைக் குளிசை

மார்ச் 3, திங்கள்

148, 86. என் மனுசி தவமலரின் பிரஷர். ஒவ்வொரு நாளும் அளந்து குறிக்கச் சொல்லியிருக்கிறார் இங்கே ஸ்பிரிங்வேலில் இருக்கிற டொக்டர். இப்படியே நின்றால் பாரிசவாதம் வந்து கைகால் இழுத்துவிடுமாம். இறங்கினால் இரண்டு மருந்துக் குளிசையில் ஒன்றை நிறுத்தலாமாம். எனக்கு இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. மருமகள் லக்சிகா போனில் ஒரு பொத்தானைக் காட்டினாள். அதை அமத்திக் கதைத்தால் அதுவே எழுதுமாம். இலக்கம் சொல்லத் தொடங்கி மற்றதையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மனுசிக்குக் கண் தெளிவில்லை. குளிசை கொடுப்பது நான்தான். காலமை ரோசா, இரவு வெள்ளை. எனக்கும் பிரஷர்தான், எனக்கு ஒன்று, மஞ்சள். கிழமைக் குளிசைகளை மருந்துக்கடையில் நாளும் வேளையும் பிரித்து அட்டையில் அடுக்கித் தருவார்களாம். "மறதிக்காரருக்கு அதுதான் அப்பா நல்லது" என்றான் மகன் சுஜீதன்.

மறதியோ? எனக்கோ? நாற்பது வருடம் மேசன் வேலை. எழுபத்திரண்டில் கட்டிய வீட்டுக்கு எத்தனை படி, அதில் எந்தப் படி வெடித்தது என்று இப்பவும் சொல்லுவேன். அட்டை வேண்டாம் என்றுவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

ரோசா நேற்றோடு முடிந்தது. இன்று புதுப் பெட்டிகள் இரண்டு. கடைப்பிள்ளை இங்கிலீசில் என்னவோ விளங்கப்படுத்தினாள். "யெஸ், யெஸ்" என்று வாங்கி வந்தேன். தகட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் இரண்டிலும் வெள்ளை. போன கிழமை 138 வந்ததல்லோ, அப்ப டொக்டர் ரோசாவை நிறுத்திவிட்டாராக்கும். இரவுக் குளிசை இரண்டு மாதத்துக்குத் தந்திருக்கிறார்கள். லக்சிகாவைக் கேட்கலாம். கேட்டால் அட்டைக் கதை திரும்ப வரும். ஒரு பெட்டியை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

159, 92.

ஏப்ரல் 9, புதன்

171, 98. கருவாட்டை நிறுத்தினேன். ஊறுகாய்ப் போத்தலை ஒளித்தேன். "என்ரை கையென்ன சுவரே, நாளும் பொழுதும் அளக்கிறியள்?" என்று சீறினாள். "சுவரெண்டால் நான் விட்ட உயரத்திலை நிக்கும்" என்றேன். சிரித்தாள். தலைக்குப் பின்னால் இடிக்கிறது என்றும் சொன்னாள். டொக்டரிடம் இருபத்தெட்டாம் திகதி போகவேண்டும். அதற்குள் இறக்கிப்போடலாம்.

ஏப்ரல் 21, திங்கள்

காலமை தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அம்புலன்ஸ். இன்று இலக்கம் எடுக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

வலப்பக்கம் இல்லை. பேச்சு இல்லை.

ஒரு நாளாவது குளிசை தவறியதோ என்று ஆஸ்பத்திரி டொக்டர் லக்சிகா மூலம் கேட்டார். ஒரு நாளும் இல்லை என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். அவர் போனபின் லக்சிகா மருந்துக்கடைத் தாளை வாசித்தாள். "மாமிக்குக் காலமைக் குளிசை போன மாசத்திலையிருந்து வேறை கொம்பனியாம் மாமா. நிறம் வெள்ளை. மருந்து அதேதான்."

அதேதான்.

இருபத்தெட்டுக் காலமை கொடாமல் விட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் நினைவிருக்கு. என்ன சாப்பிட்டாள், என்ன உடுத்தியிருந்தாள், எல்லாம். இந்த நினைவை வைச்சு என்ன செய்யிறது?

மே 2, வெள்ளி

குளிசை எடுத்தும் ஏறியதென்றால் மருந்து காணாதாம். அளவைக் கூட்டி, மூன்றாவதாக ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். என் சொல்லை நம்பித்தான். லாச்சிப் பெட்டி இப்போது என் கோட்டுப் பையில். சொல்லு, சொல்லு எண்டு மனம் — சொன்னால் சுஜீதன் என்னைப் பாப்பானே. நான் எங்கை போய் நிக்கிறது?

சொல்லவில்லை.

மே 12, திங்கள்

88, 50. கதிரையில் நிமிர்த்தி இருத்தியதும் கண் சொருகி நேர்ஸின் கையில் சரிந்தாள். பெட்டியை எடுத்து டொக்டரின் கையில் வைத்தேன். "நான் குடுக்கேல்லை. ஒரு மாசம் குடுக்கேல்லை. நிறுத்தியாச்செண்டு நினைச்சன்." லக்சிகா இங்கிலீசில் சொல்லி முடிக்குமுன் அவருக்கு விளங்கிவிட்டது.

சுஜீதன் பெட்டியைத்தான் பார்த்தான். "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அப்பா." வெளியே போய்விட்டான்.

மே 15, வியாழன்

மூன்றாவதை நிறுத்தியாயிற்று. 126, 78. டொக்டர் கேட்ட இலக்கம் இப்போது வந்திருக்கிறது. கை வரவில்லை. பேச்சு வருமோ என்று கேட்டதற்கு லக்சிகாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மே 30, வெள்ளி

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் இருவருக்கும் அட்டை வந்திருக்கிறது. லக்சிகா குளிசையை இடித்துத் தயிரில் குழைத்தாள். கரண்டிக்குக் கை நீட்டினேன். "விடுங்கோ மாமா, நான் பாக்கிறன்."

தவமலர் விழுங்கினாள். பிறகு லக்சிகா என் குளிசையை என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் தந்து, பக்கத்தில் நின்றாள்.

"போட்டிட்டியளோ? வாயைத் திறவுங்கோ, பாப்பம்."

தவமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்து காட்டினேன்.