சுருளைப் பாதியாக வெட்டியவனின் பதில்

அண்ணாச்சி,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'ழ' உட்கார இடம் கிடைக்காமல் அடுத்த எழுத்தின் மடியில் விழுகிறது. வரிகள் எல்லாம் லோனாவாலா மலையில் ஏறுகின்றன. அரைப் பக்கம் எழுத ஒரு காலை முழுதும் போய்விடுகிறது. ஆனாலும் எழுபத்திரண்டு வயதில் பேனாவை அதட்டி வேலை வாங்குவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. டீ இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. லாஃப்டில் கிடந்த நம் பழைய கரண்டு அடுப்பை இறக்கினேன். பால் பொங்கிக் கருகிய வாசனை இன்னும் அந்தப் பீங்கான் தட்டை விட்டுப் போகவில்லை. துடைக்கக் கவிழ்த்தால், அடித் தகரத்தில் நீங்கள் சிவப்புப் பெயிண்டில் எழுதியது அப்படியே இருந்தது.

புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்த காலம். கம்பெனியில் நீங்கள் எலக்ட்ரீஷியன், நான் மூட்டை ஏற்றுகிறவன். மூன்று மாதம் மூத்தவர் என்பதற்காக உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட வைத்தீர்கள். அடுப்பின் சுருள் அறுந்தது. இரண்டு முனைகளையும் நான் முறுக்கி முடிச்சுப் போட்டேன். சோறு வெந்தது. ஆனால் முடிச்சு மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்து எரிந்தது.

"கரண்டை எதிர்க்கிற இடம்தான் சூடாகும், பாருங்க" என்றேன்.

"வாயை மூடிட்டுச் சோத்தைக் கிண்டுலே" என்றீர்கள்.

மறுநாள் சுருள் இன்னொரு இடத்தில் அறுந்தது. தேய்ந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டினேன். ஃபியூஸ் போயிற்று. கீழே வீட்டுக்கார அம்மா, நம் மாவ்ஷி, "பரத் லைட் கேலி!" என்று மராத்தியில் கத்தினாள். மறுபடி லைட் போச்சாம். அடுப்பு அதிகமாகத் தின்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வெட்டினேன். மறுபடி போயிற்று. மறுபடி வெட்டினேன். சுருள் பாதியானது. இன்னொரு முறை லைட் போனால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள்.

"நாலு பேர் சாப்பிடுற வீட்டுல ரெண்டு பேர் ஊருக்குப் போனா அரிசி மிச்சமாகாதா? கம்பி குறைஞ்சா கரண்டும் குறைச்சலாத்தான் தின்னும், அண்ணாச்சி."

"கம்பி திங்கிற ஆளு இல்லலே, தடுக்குத ஆளு. லோக்கல் ரயில்ல வாசல மறிச்சு நாலு பேரு நிக்கான். அதுல ரெண்டு பேரு எறங்கிட்டா கூட்டம் கூடவா உள்ள வரும், கொறையவா வரும்?"

"கரண்டு எதுக்கு ரயில் ஏறுது?"

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் போகவில்லை. மாவ்ஷி கத்தவில்லை. "நீ ஜெயிச்சிட்டே. எழுதியே தாரேன்" என்று பெயிண்டை எடுத்து அடுப்பைக் கவிழ்த்து எழுதினீர்கள். எனக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் அறையில் அன்று என் நடை வேறு.

கல்யாணமாகி அந்த அடுப்பை என்னோடு கொண்டுவந்த பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அதைக் கவிழ்த்துக் காட்டினேன். எலக்ட்ரீஷியனே ஒப்புக்கொண்டு எழுதியது என்றேன். எல்லோரும் மராத்திக்காரர்கள். தமிழ் எழுத்தைப் பார்த்துப் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பிறகு குடிபோன தளேகாவிலிருந்து நீங்கள் வரும்போதெல்லாம், "அந்த எழுத்து இருக்கால? எப்பலே படிக்கப் போறே?" என்று சிரிப்பீர்கள். பொறாமை என்று நினைத்தேன்.

இந்த வருடம்தான் எங்கள் சொசைட்டிக் குடியிருப்பில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிறன்று அடுப்பை மடியில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"முழுச் சுருளின் தடை 60 ஓம். 240 வோல்ட்டை 60-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் தாங்கும். 240-ஐ 4-ஆல் பெருக்கினால் 960 வாட். நீ வெட்டி மிச்சம் வைத்தது 30 ஓம். 8 ஆம்பியர், 1920 வாட். அந்த ஃபியூஸ் எப்படித் தாங்கும்லே? நான் புதுச் சுருள் மாட்டிவிட்டேன். தோற்றது நீதான். படித்ததும் உன் கையால் பதில் போடு."

கடைசி வரியை மூன்று முறை படித்தேன். உள்ளே மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் குக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணமாகி வந்த அன்னைக்கே படிச்சிட்டேங்க. அவனாப் படிக்கட்டும்னு அண்ணாச்சி சத்தியம் வாங்கிட்டாரு."

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு வருடம் முன்னால் படித்திருந்தால் தளேகாவுக்கு ரயிலேறி வந்து உங்களைத் திட்டியிருப்பேன். டீயும் வாங்கிக் குடித்திருப்பேன். இப்போது இந்தத் தாள்தான் போகும். மடித்து அடுப்புக்கு அடியில் வைக்கிறேன்.

கணக்கை நானும் போட்டுப் பார்த்துவிட்டேன். பென்சிலில் மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் எட்டு ஆம்பியர்தான் வருகிறது. நான் தோற்றேன். கைநாட்டு இல்லை, கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ஆனால் ஒன்று. ஞாயிறன்று ஸ்விட்சைப் போட்டதும் நீங்கள் மாட்டிய சுருளும் அறுந்துவிட்டது. முறுக்கி முடிச்சுப் போட்டேன். மறுபடியும் முடிச்சுதான் வெளுத்து எரிகிறது. சுருள் முழுக்க ஓடுவது ஒரே நாலு ஆம்பியர்தானே? அப்படியானால் தடை அதிகமான இடம்தானே அதிகம் சூடாக வேண்டும்? நான் அன்றைக்குச் சொன்னதும் அதுதானே? நீங்கள் எழுதியதில் முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிறு கீழ்க்கடை எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வாங்கி அந்த முடிச்சை அளந்து எழுதுகிறேன். அதுவரை நீங்கள் ஜெயித்ததாகவே இருக்கட்டும்.