தலைக்கனம்

பிப்ரவரி 3

யாரோ ஒரு பெண் எங்கள் தொடரைப் பற்றி இணையத்தில் எழுதியிருக்கிறாள். மேக்கப்மேன் என் முகத்தில் பவுடரைப் போட்டுக்கொண்டே வாசித்துக் காட்டினார். அக்கா தங்கை பாசத்துக்கு இந்தத் தொடரில் வசனமே வேண்டாமாம். தங்கை திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுகிறாள், அக்கா தண்ணீர் தம்ளரை வைக்கிறாள். வேறு யார் கொடுத்தாலும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள். யார் வந்தாலும் சுவரோரம் ஒதுங்குகிறவள், அக்காவுக்கு மட்டும் முதுகைக் காட்டி உட்காருகிறாள். தோளில் சாய்ந்தால் வாய் தானாக லேசாகத் திறந்துகொள்கிறது. நடிப்பில் இதெல்லாம் வராது, நம்பினால்தான் வரும் என்று முடித்திருக்கிறாள். மகராசி, நல்லா இருக்கணும்.

டைரக்டர் அதைக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்றார். சொல்லிக் கொடுத்தாராம்! வாயைத் திறந்து வைக்கவுமா? என் தங்கையாக நடிக்கிற பெண், யூனிட் முழுக்க 'சின்னது' என்றுதான் கூப்பிடும், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். இல்லாவிட்டால் அந்த ஆளிடம் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 11

நாள் முழுக்க அழுகை. கிளிசரினில் கண் எரிகிறது. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 19

சோபாக் காட்சி. கதையில் எந்தக் குடி மூழ்கினாலும் நாங்கள் இரண்டு பேரும் கடைசியில் அந்தப் பச்சை சோபாவில்தான் வந்து விழுவோம். சின்னது என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

சாய்த்தாளா? வைத்தாள். இல்லை, வைக்கக்கூட இல்லை. முடிதான் பட்டது. கழுத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, காமிராவுக்கு மட்டும் சாய்ந்தாள். டேக் ஓகே என்றார் டைரக்டர். என்ன ஓகே? இரண்டு வருஷமாக அந்தத் தலையைத் தாங்குகிற தோள் என்னுடையது. எனக்குத் தெரியாதா அதன் கனம்?

பிப்ரவரி 20

வீட்டில் இவரிடம் சொன்னேன். "தலையில ஏதாவது தடவியிருப்பா. உன் துணியில ஒட்டும்னு பார்த்திருப்பா" என்றார். நான் என்ன சொல்கிறேன், இந்த மனுஷன் என்ன சொல்கிறார்! ரிமோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24

இன்றைக்கு இன்னும் மோசம். இடைவேளையில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் நடுவில் கைப்பையை வைத்தாள். முழங்கால் இரண்டும் வாசலைப் பார்த்து. காட்சியில் தம்ளரை நீட்டினேன் — என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கினாள்! என் முகத்தை! நான் என்ன, விஷம் வைக்கிற வில்லியா?

மேக்கப்மேன் குனிந்து, "சின்னதுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு மேடம். விளம்பரப் படம் ஒண்ணு கிடைச்சிருக்காம்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனம் வந்தால் தேவலையே, அது போய்விட்டது என்றுதானே நான் கிடந்து தவிக்கிறேன்.

பிப்ரவரி 27

நேராகவே கேட்டேன். "என்னடி, என் மேல என்ன கோபம்?"

"ஒண்ணுமில்லக்கா. தலைவலி."

கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டே போய்விட்டாள். நான் என்ன பாவம் செய்தேன்? முதல் நாள் வசனம் மறந்து நடுங்கினவளுக்குக் காமிராவுக்கு இந்தப் பக்கம் நின்று வாயசைத்துக் காட்டினவள் நான். அதெல்லாம் போச்சா? போகட்டும். எனக்கென்ன வந்தது. இனி நானும் அளவோடு இருப்பேன்.

மார்ச் 2

அளவோடு இருக்க முடியவில்லை. டைரக்டரிடம் போய்ப் போட்டு உடைத்தேன். "அவளைக் கொஞ்சம் ஒழுங்கா சாயச் சொல்லுங்க சார். இப்படியே போனா எங்க ஜோடியே எடுபடாது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இத்தனை நாளில் இதுதான் முதல் முறை. என்ன மரியாதை!

மார்ச் 9

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

என்னைத் தூக்கிவிட்டார்கள். கதையில் தீ விபத்தாம். அக்காவுக்கு முகமெல்லாம் கட்டு. கட்டைப் பிரித்தால் வேறு முகம், வேறு நடிகை. "சேனல்ல புது முகம் கேக்குறாங்க மேடம். ஜோடி எடுபடலைன்னு நீங்களே சொன்னீங்களே" என்கிறார் அந்த ஆள். என் வார்த்தையை எடுத்து என் வாயிலேயே திணிக்கிறார்! நான் சொன்னது எதற்கு, இவர் கோத்துவிட்டது எதில்? புதுப் பெண்ணின் படத்தைக் காட்டினார். என்னைவிட நாலு விரற்கடை உயரம். முகம் எரிந்தால் ஆள் வளருமா? கேட்டேன். "ஜனங்க கண்டுக்க மாட்டாங்க" என்றார். கண்டுக்காத ஜனமா தம்ளர் வாங்குகிற கையைப் பார்த்து எழுதுகிறது?

டீயும் நாற்காலியும் எதற்கென்று இப்போதுதான் உறைக்கிறது. புதியவளை வைத்துப் போன மாதமே சோதனைக்குப் படம் பிடித்துப் பார்த்தாயிற்றாம். யாரோடு சேர்த்து? சின்னதோடு.

மேக்கப் அறையில் சுவரோரமாக நின்றாள். வேற்று ஆள் வந்தால் நிற்பாளே, அப்படி.

"எல்லாம் தெரியும் உனக்கு. இல்ல?"

"வெளிய சொன்னா நானும் போகணும்னாங்கக்கா."

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடி!"

"குழி பறிக்கலக்கா." அழுதாள். கிளிசரின் இல்லாத அழுகையில் அவள் மூக்குதான் முதலில் சிவக்கும். "இவ்வளவு பெரிய பொய்ய உள்ள வச்சுக்கிட்டு உங்க மேல எப்படிக்கா சாயறது? சாய்ஞ்சுதான் பார்த்தேன். கழுத்து மடங்கவே மாட்டேங்குது."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன். சொல்லியிருக்கலாமே அவள்! ஒரே ஒரு வார்த்தை, ஜாடையாகவாவது! ஜாடையாகச் சொல்லவில்லையா என்றும் ஒரு மனசு கேட்கிறது. சும்மா இரு என்று அதட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 12

எனக்குக் கடைசி சோபாக் காட்சி. காலையிலிருந்து அவளிடம் பேசவில்லை. ஆக்‌ஷன் என்றதும் தோளில் தொம்மென்று விழுந்தது தலை. கல் மாதிரி. கட் சொன்ன பிறகும் எடுக்கவில்லை. டைரக்டர் இரண்டு தரம் கூப்பிட்டார். லைட்மேன் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் நகரவில்லை.

அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

மார்ச் 25

சின்னது இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 6

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இவர்தான் போட்டார். கட்டைப் பிரிக்கிறார்கள், புது அக்கா கண் திறக்கிறாள், எல்லோரும் அழுகிறார்கள். பிறகு அதே பச்சை சோபா. சின்னது சாய்கிறாள். நான் டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தேன். தலைக்கும் தோளுக்கும் நடுவே தாராளமாக ஒரு விரல் போகும்.

"நல்லாத்தானே சாஞ்சிருக்கா" என்றார் இவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்? வாய் மூடியிருக்கு பாருங்க!"

ஜெயித்த மாதிரி இருந்தது. அப்புறம் அவள் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்தேன். பாவி, இப்படியே தினமும் பிடித்துக்கொண்டிருந்தால் என்னத்துக்கு ஆவாள்? அந்த உயரக்காரியாவது தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கக் கூடாதா!

இன்றைய பகுதி முடிந்ததும் சின்னதிடமிருந்து செய்தி வந்தது. ஒரே வரி. "அக்கா, கழுத்து ரொம்ப வலிக்குது."

போனைத் தூர வைத்தேன். மறுபடி எடுத்தேன். "ஞாயித்துக்கிழமை வந்து தொலை" என்று அனுப்பினேன்.

எங்கள் வீட்டு சோபாவில் குவிந்து கிடந்த துணிகளை எடுக்கச் சொன்னேன் இவரிடம். எதற்கு என்றார். ஒரு ஆள் சாய்ந்து உட்கார இடம் வேண்டும் என்றேன்.