கடலுக்கடியில் போக எந்த ஊர் மலிவு

1989 மார்ச் 5

மிக்சி வாங்க எட்டு மாதம் யோசித்த மனிதரிடம் போய், கடலுக்கு அடியில் மூழ்கிப் பார்க்க ஆசை என்று இன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

நான் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கிடந்த வாரப் பத்திரிகையில் ஒரு படம். ஒருத்தன் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி அத்தனை நிம்மதியாக. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காலையிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று கத்துகிறவளுக்கு, யாரும் கூப்பிடவே முடியாத ஒரு இடம்!

எங்கள் இலாகாவில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் பார்க்கச் சர்க்கார் செலவு தரும், எல்.டி.சி. என்று. இந்த டிசம்பரோடு காலாவதி. போன தடவை காஷ்மீரா கோவாவா என்று இவர் யோசித்து முடிப்பதற்குள் அது முடிந்துபோனது. இரண்டையும் பார்த்தோம், காலண்டரில்.

"பேஷா போலாம் சுலோச்சனா. ஆனா எந்த எடம்னு நல்லா ஆராயணும்" என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்குச் சீட்டு எழுதுகிற ஏகாம்பரம், கடலை ஆராயப் போகிறார்.

மார்ச் 19

ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு. அந்தமானுக்கு மெட்ராஸிலேயே கப்பல் ஏறலாம். லட்சத்தீவுக்குக் கொச்சி போகவேண்டும், அனுமதிச் சீட்டும் வேண்டும். மாலத்தீவுக்கு பாஸ்போர்ட். வெளிநாட்டுக்கு எல்.டி.சி. கிடையாது என்று நான் சொன்னேன்.

"ரூல் மாறலாம் இல்ல?" என்கிறார். மாறட்டும். எனக்காக டில்லியில் ராத்திரி பகலாகக் கூட்டம் போடுகிறார்கள்.

ஏப்ரல் 16

மாலத்தீவுக்கு முதலிடம். தண்ணீர் தெளிவாம்.

மே 11

மாலத்தீவு ஒருவழியாக ஒழிந்தது. ரூல் மாறவில்லையாம். இரண்டு மாதம் போனது.

ஜூன் 25

லட்சத்தீவில் ஒரு நாள் தங்குகிற காசுக்கு இங்கே ஒரு கறவை மாடு பிடிக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார். அந்தமானில் தங்குவது மலிவு, ஆனால் சிலிண்டர் வாடகை தனி. தண்ணீருக்குள் இருக்கிற நிமிஷத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துக் காட்டினார். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டில் குளிப்பதே லாபம்.

இப்போது புதிதாகச் சுறா. எந்தத் தீவில் சுறா குறைச்சல் என்று இரண்டு இடத்துக்கும் கார்டு போட்டிருக்கிறார். பக்கத்து போர்டில் உட்காருகிற பாக்கியமேரியிடம் சொன்னேன். "யக்கா, உங்க வூட்டுக்காரரு மீனுக்கெல்லாம் ஜாதகம் பாத்துதான் உன்ன தண்ணில எறக்குவாரு போல கீதே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். டிரங்க் கால் கேட்டவர் லைனில் காத்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஆகஸ்ட் 2

ஆடிப்பெருக்குக்கு மாகறல் போனோம், என் அம்மா வீடு. தம்பி பெண்சாதி கனகா, "வாங்க அண்ணி, பம்புசெட்டுக் கெணத்துல தண்ணி தளும்பிக்கினு கீது" என்றாள். அவ்வளவுதான். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேல்படியிலிருந்து குதித்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து கிணற்றில் கால் நனைத்ததில்லை. அரசாங்க உத்தியோகம் பார்க்கும் மருமகள் கிணற்றில் குதித்தால் குடும்ப மானம் மூழ்கிவிடுமாம். சின்ன வயதில் அடிவரைக்கும் போனதற்கு அத்தாட்சியாக ஒரு பிடி சேறு எடுத்து வந்து காட்டுவோம். இன்றைக்கும் எடுத்து வந்தேன். காது இரண்டும் கும்மென்று அடைத்துக்கொண்டது. ஐயோ, என்ன சுகம்!

இவர் கிணற்றுப் பக்கமே வரவில்லை. தூரத்தில் தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும், மேல வா, மேல வா" என்று கத்தினார். துண்டைக் கொடுத்தபோது சட்டை வேர்வையில் தொப்பலாக இருந்தது. வெயிலில் நின்றதாலாம்.

செப்டம்பர் 12

மாதக் கடைசிக்குள் இடத்தின் பெயர் எழுதி விண்ணப்பம் வராவிட்டால் இந்த வருஷம் இல்லை என்று ஆபீஸர் சொல்லிவிட்டார். இவரிடம் சொன்னேன். "அவசரப்பட்டா ஆவுமா?" என்கிறார். மார்ச்சிலிருந்து அவசரப்படுகிறேன்.

செப்டம்பர் 21

முடிவு பண்ணும் வேலையை செல்லியம்மன் தலையில் கட்டிவிட்டார். நாளைக்குப் பூ கட்டிப் பார்க்கிறோம். லட்சத்தீவு விலையிலேயே அடிபட்டுப்போனது; வெள்ளை வந்தால் அந்தமான், சிவப்பு வந்தால் எங்கேயும் போகக்கூடாது. சுறாவைப் பற்றி அம்மனுக்கு என்ன தெரியுமோ.

அதிசயம், பூ வாங்க இவரே போனார். கடைக்குப் போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வராத மனிதர்.

செப்டம்பர் 22, வெள்ளி

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

இவர் வீட்டிலேயே கட்டி எடுத்து வந்த இரண்டு இலைப் பொட்டலத்தையும் பூசாரி அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டி, பூசாரி வீட்டுக் குழந்தை ஒன்றை எடுத்தது. பிரித்தால் அரளி, சிவப்பு. "அம்மா உத்தரவு இல்ல, இன்னா பண்றது" என்று இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! எனக்கு அதுதான் உறுத்தியது. மற்றப் பொட்டலத்தை வழக்கமாக யாரும் பிரிக்கமாட்டார்கள், அம்மன் காலடியிலேயே விட்டுவிடுவார்கள். பூசாரி பதறப் பதற நான் எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் அரளி. சிவப்பு.

இன்னா மனுசன் இவரு! சாமிகிட்டயா இந்த வேல? வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைக்கிறது! ஆறு மாசமா கார்டு போட்டு, கணக்குப் போட்டு, என்னைப் பைத்தியக்காரியாக்கி… எனக்கு வேற இன்னா கேட்டேன் இவருகிட்ட? நகை கேட்டேனா? ஒரே ஒரு தடவை தண்ணிக்குள்ள போவணும்னேன். அழுதுகிட்டேதான் எழுதுறேன். எழுதிட்டுப் போறேன்.

செப்டம்பர் 23

பேச்சில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை. தட்டை நக்கி வைத்தாற்போல் சாப்பிட்டார்.

செப்டம்பர் 25

வாய் திறந்தார். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

"தண்ணி மூஞ்சிக்கு மேல வந்தா எனக்கு மூச்சு நின்னுப் பூடுது சுலோச்சனா. சின்னதுலேருந்தே அப்பிடித்தான். கெணத்தாண்ட நின்னாலே கால் வெடவெடன்னு ஆவுது."

"உங்கள யாரு எறங்கச் சொன்னா? நான்தான எறங்கப் போறேன்?"

"அதுக்குத்தான் பயம். அன்னிக்கு மாகறல்ல நீ உள்ள போன. தண்ணி அப்பிடியே மூடிக்கினு சும்மா கீது. நீ வரலேன்னா நான் இன்னா பண்ணுவேன்? எறங்கித் தேடக்கூட எனக்கு வக்கில்ல."

"அதுக்கு அம்மனயே ஏமாத்துவீங்களா?"

"அம்மன இன்னாத்துக்கு ஏமாத்தப் போறேன்? உன்னத்தான் ஏமாத்தினேன்."

சிரிப்பு வந்துவிட்டது, சனியன். சிரித்தால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகுமே என்று முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே போய் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. இவ்வளவு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் இவருக்குத் தண்ணீர் பயம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

செப்டம்பர் 28

அந்தமான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும். நீங்கள் வரவேண்டியதில்லை என்றுதான் சொன்னேன். "நீ தண்ணில கெடப்ப, நான் இங்க மோர்சோறு துன்னுக்கினு கெடக்கணுமா?" என்றார்.

டிசம்பர் 14

கப்பல். ஏறியதிலிருந்து வாந்தி. இவருக்கு இல்லை, எனக்கு! கிணற்று வீராங்கனை. இவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, என் தலையைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் நறுக்கித் தருகிறார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட.

டிசம்பர் 19, போர்ட் பிளேர்

கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளத்துக்காரர்தான் சிலிண்டர் வைத்திருக்கிறார். படகில் வைத்து எல்லாவற்றையும் மாட்டிக் காட்டிவிட்டு, "கழுத்தில் தொங்குவது எதுவும் கூடாது, குழாயில் மாட்டிக்கொள்ளும், கழற்றுங்கள்" என்றார். வளையலும் செயினும் கழற்றியாயிற்று. அப்புறம் தாலிச்சரடு. நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். நடுக்கடலில், அதுவும் நான் மூழ்கப் போகிற நேரத்தில். முடிந்தது கதை, படகைத் திருப்பச் சொல்வார் என்று நினைத்தேன். இவர் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன்.

உள்ளே போனேன். அதைப் பற்றி இன்றைக்கு எழுத வரவில்லை. மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் என் முகத்துக்கு நேரே வந்து யாரென்று பார்த்துவிட்டுப் போயின. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்த நாற்பது வயதில் எனக்கு வேறு என்ன வேண்டும்.

மேலே வந்தபோது இவர் படகு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, செல்லியம்மா செல்லியம்மா என்று முனகிக்கொண்டிருந்தார். சட்டைக்கு மேலே, அவர் கழுத்தில் என் தாலி. கையில் வைத்திருந்தால் நழுவிவிடுமாம், பையில் வைக்க மனசு வரவில்லையாம். படகுக்காரப் பையன்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். இவர் கவலைப்படவில்லை.

"நாளைக்கும் எறங்குவியா?" என்று கேட்டார்.

"எறங்குவேன்" என்றேன்.

"அப்ப இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சரடைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பித்தானைப் போட்டார்.