உங்கள் செருப்பில் ஓடுகிற பம்பு

அன்புள்ள மாமா,

நான் சொன்னேனா இல்லையா? உங்கள் விறகு பிளக்கும் மெஷின் ஒருநாள் மொரப்பூர் விறகுக் கிடங்கையே வாயடைக்க வைக்கும் என்று, நீங்கள் அதைப் பூட்டும்போதே சொன்னேன். அதற்கு முன்பே சொன்னதாகவும் ஞாபகம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்ததைக் கேளுங்கள். உலகச் சண்டையால் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகின்றன. கரி சுட விறகு பிளந்து மாளவில்லை. உங்கள் மெஷினிலோ, கைப்பம்பை அடித்து, எண்ணெய் ஏறி, இரும்பு ஆப்பு நகர்ந்து கட்டையைத் தொடுவதற்குள் கோடாலிக்காரர் ஒரு வண்டிப்பாரம் பிளந்துவிடுகிறார். கிடங்கு மேஸ்திரி அக்காளிடம் வந்து, "உங்க வூட்டுக்காரரு மெஷினு துணி காயப்போடத்தான் ஆவும். பழைய இரும்புக்குப் போட்டுட்டு எடத்தைக் காலி பண்ணுங்க" என்றார். மெஷின் போனால் அக்காளுக்குக் கிடங்கு வேலையும் போகும். பிள்ளைகளோடு எங்கே போவாள்?

விட்டேனா? சேலத்தில் உடைத்துப்போட்ட பஞ்சு பிரஸ்ஸிலிருந்து பெரிய பம்பு ஒன்றைக் கொண்டுவந்தேன். அதை ஏற்றியபோது ரயிலே ஒருபக்கம் சாய்ந்தது. பெரியது வேகத்துக்கு, உங்கள் சின்னது பலத்துக்கு என்று இரண்டையும் ஜோடியாகப் பூட்டினேன். மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் யோசனை இது. எந்த எஞ்சினியருக்கு வரும்? ஆனால் உள்ளே எண்ணெயை அடைக்கிற தோல் வாஷர் மக்கிப்போய் எண்ணெய் பீய்ச்சியது. தடித்த தோலெல்லாம் பட்டாளத்து பூட்ஸுக்குப் போய்விட்டதே, எங்கே தேடுவது?

உங்கள் எருமைத்தோல் செருப்புதான் மிச்சம். அக்கா அதை விட்டத்தில் செருகி, யாரையும் தொட விடவில்லை. "பம்பை மாத்துடான்னு மாமா கடைசியா எங்கிட்டத்தான் சொன்னாருக்கா" என்றேன். எடுத்துக் கொடுத்தாள். அதை வட்டமாக நறுக்கி வாஷராகப் போட்டேன்.

மேஸ்திரி வேண்டுமென்றே முடிச்சு விழுந்த புளியங்கட்டையை உருட்டிவிட்டார். பெரிய பம்பில் ஆப்பு ஓடிப்போய் முட்டியது, சின்னதை அடித்தேன். கட்டை பிளந்த சத்தம் தீர்த்தமலைக்கே கேட்டிருக்கும். மேஸ்திரி அப்புறம் இடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்: "அவரு செருப்பு இன்னும் நடக்குதுடா தம்பி."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் அவளிடம் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளுங்கள். மாமா, பம்பை மாற்றச் சொல்லி நீங்கள் சொல்லவே இல்லை. "எம் மெஷின்ல கை வெச்சே, தொலைச்சுருவேன்" என்றுதான் சொன்னீர்கள்.

கை வைத்துவிட்டேன். அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறவரை வைத்துக்கொண்டேதான் இருப்பேன். கேட்பவர்களிடம் நீங்கள் சொன்னதாகவே சொல்வேன். கோபமிருந்தால் வந்து கேளுங்கள்.

கடைசிவரை உங்கள் பேச்சைக் கேட்காத மச்சினன்,
உங்கள் பிள்ளைகளின் தாய்மாமன்