நாலாவது வயல்

ஜன. 19, திங்கள்

பனி. பஸ் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. விழுப்புரத்தில் மீட்டிங். இனிமேல் வயலைத் தேர்ந்தெடுப்பது போன்தான். ஊருக்கு நாலு சர்வே நம்பர், குலுக்கல் முறையில். அந்த நாலிலும் ஐந்துக்கு ஐந்து மீட்டர் நெல் அறுத்து நாங்கள் எடை போட வேண்டும். சராசரி குறைந்தால் ஊருக்கே பயிர்க் காப்பீட்டுப் பணம். குறையாவிட்டால் யாருக்கும் இல்லை. உன் வயல் மட்டும் மூழ்கியதா என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

"ஒருத்தரும் கை வெக்க முடியாது. நியாயம்னா இதான்" என்றார் சூப்பர்வைசர். கைதட்டினோம். மூன்று மாதமாக வராத எங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச்சில்லை.

ஆள் பற்றாக்குறை. எங்கள் ஊரையே என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வாங்க: பேனா, ரீசார்ஜ், அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்.

ஜன. 20, செவ்வாய்

நம்பர் வந்தது. நாலும் மேட்டில்.

அப்பாவின் அரை ஏக்கர் ஏரிப் பள்ளத்தில். எங்கள் தெருக்காரர்கள் நிலமெல்லாம் அங்கேதான். வேறு யாரும் வாங்காததால் எங்களுக்குக் கிடைத்தது. போன மாத மழையில் கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைத்துவிட்டது. நடவுக் கூலிக்கு அடகு வைத்த அம்மாவின் கம்மல், காப்பீடு வந்தால்தான் திரும்பும்.

"நம்ம பக்கம் ஒரு நம்பராவது வுழுவணும்னு மாதாவ வேண்டிக்கினேன்டி."

"வுழலம்மா."

"பட்டன அமுத்தும்போது நீ கும்பிட்டுக்கினு அமுத்தினியா?"

கணக்குப் போட்டேன். ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பள்ளம். நாலும் மேட்டில் விழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ரொம்பச் சாதாரணம். யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் ஆத்திரம். போனுக்குச் சாதி தெரியாது. தரைக்குத் தெரியும். பி.எஸ்சி. கணக்கில் இதைச் சொல்லித்தரவில்லை.

ஒரு நம்பராவது பள்ளத்தில் விழுந்திருந்தால் சராசரி இறங்கிக் கொஞ்சமாவது வந்திருக்கும்.

ஜன. 22, வியாழன்

மூன்று வயல் முடிந்தது. மூன்றும் நல்ல விளைச்சல்.

நாலாவது, சேகருடையது. பதினெட்டு ஏக்கர்க்காரர். சாயங்காலம் எங்கள் வாசலுக்கே வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"பாப்பா, நாளைக்கு எத்தினி மணிக்கு வர்ற?"

"ஒம்போது."

"பதினொண்ணுக்கு மேல வா. அதுக்குள்ள மிஷின வுட்டு அறுத்துர்றேன். அறுத்த வயலுன்னா உன் போனு வேற நம்பர் குடுக்கும் இல்ல? பள்ளத்துல வுழுந்துச்சுன்னா உங்கப்பனுக்கும் துட்டு, எனக்கும் துட்டு."

"உங்களுக்குத்தான் நல்லா வெளைஞ்சிருக்கே."

"வெளைஞ்சா இன்னா? நானுந்தான இன்சூரன்சுக்குப் பணம் கட்டிக்கிறேன்."

நான் அளவுக் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

ஐந்தில் ஒரு வாய்ப்பு. விழுந்தால் அப்பாவுக்கு ஒரு பங்கு, சேகருக்கு முப்பத்தாறு பங்கு. பொய் எழுத வேண்டாம், எடையை மாற்ற வேண்டாம். தாமதமாகப் போனால் போதும். பஸ் லேட் ஆவது குற்றமா?

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜன. 23, வெள்ளி

வழக்கம்போல் தராசு எடுக்கத் திண்டிவனம் ஆபீஸ். ஊருக்குத் திரும்பும் எட்டு மணி பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு டீ, ஒரு மசால் வடை. வடையில் கல். பக்கத்தில் ஒருவன் போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு கார்டு மச்சான், ஒரே ஒரு கார்டு." எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனேன்.

பதினொன்றரைக்கு வயல். கதிர் அப்படியே நிற்கிறது. சேகர் வரப்பில்.

"மிஷினு வளவனூருல சேத்துல மாட்டிக்கினு நிக்கிது. இனிமே நாளைக்குத்தான். பேஜாரு புடிச்ச டிரைவரு."

கயிறு கட்டினேன். அப்பாவின் அருவாளால் அறுத்தேன். அடித்து, தூற்றி, எடை. பதினாறு கிலோ. போட்டோ எடுத்து அனுப்பினேன். தீர்ந்தது. ஊருக்குப் பணம் இல்லை.

"நீயும் சொன்னாப்புல லேட்டாத்தான் வந்த. நம்ம ரெண்டு பேருக்கும் யோகமில்ல பாப்பா."

அந்த 'நம்ம'வைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா தெருவில் நாலு பேரிடம்: "அந்தாளு வாசலாண்டையே வந்து கேட்டான். எம்பொண்ணு அசையலியே. போனா துட்டுதான போவுது."

உள்ளே போய்ப் படுத்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். பசித்தது.

ஜன. 24, சனி

பனி இல்லை. விடியும்போதே அப்பாவுக்கு சேகரிடமிருந்து போன். மிஷின் வந்துவிட்டது. அது திரும்ப முடியாத வரப்போரத்தைக் கையால் அறுக்க ரெண்டு ஆள் வேண்டுமாம்.

"நேத்து நீ எடுத்துக்கினு போனியே அருவா, எங்க வெச்ச?" என்றார் அப்பா.

என் பையில்தான் இருந்தது. நெல் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்காமலே கொடுத்தேன்.